டிஸ்பிளே 860 காட்டும்போது உலைக்குள் எவ்வளவு இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். ஓசூர் பக்கம் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை. 45 கிலோவாட் பெட்டி உலை, மூன்று ஃபேஸ், சுவர்ப் பள்ளங்களில் காந்தல் (Kanthal, ஸ்வீடன் கம்பெனி ஒன்றின் ஹீட்டர் கம்பி) சுருள்கள், ஒரே ஒரு கே டைப் தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்து வெப்பநிலையை அளக்கும் சென்சார்), எஸ்.எஸ்.ஆரை (ஹீட்டருக்குப் போகும் கரண்டை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) இயக்கும் பி.ஐ.டி கன்ட்ரோலர் (அளந்த வெப்பநிலையைப் பார்த்துப் பவரைக் கூட்டிக் குறைக்கும் கருவி). பத்து மாதத்தில் இரண்டு தடவை உலை அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. முதல் தடவை இரவு முழுக்க டிஸ்பிளே 860 டிகிரியிலேயே நின்றது. ஆனால் என்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ஷாஃப்டுகள் தடிமனாக ஸ்கேல் (ஆக்சைடு பொருக்கு) பிடித்து வெளியே வந்தன, குவென்ச் செய்ததும் (சூட்டோடு முக்கிக் குளிர்வித்ததும்) பல ஷாஃப்டுகளில் விரிசல். இரண்டாவது தடவை டிஸ்பிளேயே ஏறிக்கொண்டு போயிருக்கிறது. காலை ஷிஃப்ட் ஆள் பார்த்தபோது 1150-ஐத் தாண்டியிருந்தது, கூரைப் பக்கச் சுருள்கள் பள்ளத்தை விட்டுத் தொங்கியிருந்தன. இனி இப்படி ஆகாமலிருக்க எந்த கம்பெனி கன்ட்ரோலர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கன்ட்ரோலர் கம்பெனி இங்கே கடைசி விஷயம். இரண்டு தடவையும் உங்கள் கன்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்க வாய்ப்பு அதிகம். முதல் தடவை அதற்குத் தப்பான வெப்பநிலை போயிருக்கிறது, அதை நம்பி அது ஓட்டியிருக்கிறது. இரண்டாவது தடவை 'போதும், நிறுத்து' என்று அது சொல்லியும் கரண்ட் நிற்கவில்லை. இவை இரண்டு வேறு நோய்கள். விலை உயர்ந்த கன்ட்ரோலர் மாட்டினால் இரண்டில் ஒன்றுகூடத் தீராது. உங்கள் பேனலில் இல்லாதது, கன்ட்ரோலரை நம்பாமல் தனியாகக் கவனித்து, தனியாகக் கரண்டை வெட்டுகிற இன்னொரு ஏற்பாடு.

எது நடந்தது என்று பிரித்துப் பார்க்க முதல் வழி டிஸ்பிளேயும் ரெக்கார்டரும்தான். டிஸ்பிளே செட் பாயின்ட்டில் (நீங்கள் வைத்த வெப்பநிலையில்) அசையாமல் நின்று, சரக்கு மட்டும் கெட்டிருந்தால் கோளாறு அளக்கும் பக்கம்: தெர்மோகப்பிள், அதன் கேபிள், அது நிற்கும் இடம். டிஸ்பிளே செட் பாயின்ட்டைத் தாண்டி ஏறியிருந்தால் அளவு சரி, வெட்டும் பக்கம் கோளாறு: எஸ்.எஸ்.ஆர், கான்டாக்டர் (காயிலுக்குக் கரண்ட் இருக்கும்வரை மூடியிருக்கும் பெரிய ஸ்விட்ச்) அல்லது அவற்றின் வயரிங். மூன்றாவதாக ஒன்று உண்டு. டிஸ்பிளே திடீரென்று 60, 70 என்று இறங்கி அங்கேயே நிற்க, உலை மட்டும் கொதிக்கும். கேபிளின் இரண்டு வயரும் உலை உடம்புக்குப் பக்கத்தில் இன்சுலேஷன் கருகி ஒட்டிக்கொண்டால் இப்படி ஆகும். ஒட்டிய இடமே புது ஜங்ஷன் ஆகிவிடும், அந்த இடத்துச் சூட்டைத்தான் கன்ட்ரோலர் படிக்கும். உலை ஆறிவிட்டது என்று நினைத்து நூறு சதவீதம் பவர் கொடுக்கும். இருப்பதில் மோசமானது இதுதான்.

பலரும் நம்பிக்கொண்டிருக்கும் 'சென்சார் பிரேக்' பாதுகாப்பு இங்கே உதவாது. தெர்மோகப்பிள் அறுந்து சர்க்யூட் திறந்தால் மட்டுமே அது வேலை செய்யும். வயர்கள் ஒட்டிக்கொண்டாலோ, தெர்மோகப்பிள் துளையை விட்டு வெளியே நழுவி வந்துவிட்டாலோ சர்க்யூட் முழுசாகவே இருக்கும், கன்ட்ரோலருக்குச் சந்தேகம் வராது. இதற்கென்றே பல கன்ட்ரோலர்களில் லூப் பிரேக் அலாரம் என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட நேரம் முழு பவர் கொடுத்தும் வெப்பநிலை ஏறவில்லை என்றால் கத்தும், அல்லது அவுட்புட்டை நிறுத்தும். ஃபேக்டரியிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஆஃப் நிலையில்தான் வரும். உங்களுடையதில் இருக்கிறதா என்று மேனுவலைப் புரட்டுங்கள், இருந்தால் இன்றே ஆன் செய்யுங்கள். நேரத்தை உங்கள் உலையின் வேகத்தைப் பார்த்து வையுங்கள். முழுச் சரக்கோடு மிக மெதுவாக ஏறும் கட்டத்தில் 10 டிகிரி ஏற எத்தனை நிமிடம் ஆகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு.

இப்போது முதல் சம்பவம். 860 காட்டிக்கொண்டே உள்ளே ஆயிரத்தை நெருங்க முடியுமா? முடியும், அதுவும் மிகச் சாதாரணமான காரணத்தால். தெர்மோகப்பிள் தலையிலிருந்து (உலைக்கு வெளியே இருக்கும் இணைப்புப் பெட்டி) பேனல் வரை வரும் கேபிளைப் பாருங்கள். தலை 90 டிகிரியில் இருக்கிறது, பேனல் டெர்மினல் 40 டிகிரியில் இருக்கிறது என்று வைப்போம். காம்பன்சேட்டிங் கேபிளுக்கு (தெர்மோகப்பிள் கம்பியைப் போலவே மில்லிவோல்ட் தரும் உலோகங்களால் ஆன கேபிள்) பதில் யாரோ கையில் கிடைத்த செம்பு வயரைப் போட்டிருந்தால், அந்த 50 டிகிரி வித்தியாசம் கணக்கிலேயே வராது. டிஸ்பிளே 50 டிகிரி குறைத்துக் காட்டும், அதாவது 860 காட்டும்போது உள்ளே 910. சரியான கேபிள்தான், ஆனால் இரண்டு முனையிலும் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது என்றால் பிழை இரட்டிப்பாகும்: 100 டிகிரி குறைவு, உள்ளே 960. ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் சூடேற ஏற டிஸ்பிளே கீழே இறங்கும், உடனே தெரிந்துவிடும். இரண்டு முனையிலும் மாறினால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே ஓடும். அதனால்தான் அது வருடக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கிறது. குறைவாகக் காட்டும் அந்த வெப்பநிலைக்கே ரெசிபியை அட்ஜஸ்ட் செய்து வைத்திருப்பார்கள். என்றைக்கோ ஒருவர் கேபிளை மாற்றி 'சரியாக' இணைத்ததும் சரக்கு ஹார்ட் ஆகவில்லை என்று புகார் வரும்.

பிளஸ் மைனஸ் மாறுவதற்கு நிறமே முக்கியக் காரணம். ஐ.இ.சி முறையில் கே டைப்புக்குப் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். எலக்ட்ரீஷியன் கைக்குச் சிவப்பு என்றால் பிளஸ்தான். நிறத்தை நம்ப வேண்டாம், ஒரு காந்தத் துண்டு போதும். கே டைப்பில் மைனஸ் கம்பியான அலுமெல் காந்தத்தில் ஒட்டும், குரோமெல் ஒட்டாது. தெர்மோகப்பிள் தலையைத் திறந்து இதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

அடுத்தது தெர்மோகப்பிளே களைத்துப் போவது. கே டைப் கம்பி, ஆக்சிஜன் குறைவாக இருக்கும் நீண்ட ஒடுங்கிய குழாய்க்குள் சுமார் 800 முதல் 1050 டிகிரி வரை தொடர்ந்து இருந்தால், குரோமெல் கம்பியிலுள்ள குரோமியம் மட்டும் தனியாக ஆக்சிகரணமாகும். கம்பியை உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சை நிறம் தெரியும், அதனால் இதை கிரீன் ராட் என்கிறார்கள். விளைவு எப்போதும் ஒரே திசைதான்: மில்லிவோல்ட் குறையும், டிஸ்பிளே குறைத்துக் காட்டும், கன்ட்ரோலர் உலையை மேலே தள்ளும். உங்கள் 860 டிகிரி வேலை நேராக இந்த எல்லைக்குள் விழுகிறது. இதற்கு என் டைப் தெர்மோகப்பிள் கே டைப்பைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் மாற்றினால் கேபிளும் கன்ட்ரோலரின் இன்புட் செட்டிங்கும் சேர்ந்தே மாற வேண்டும். 'ஒரு கே டைப் எத்தனை மாதம் வரும்' என்று கேட்பவர்களுக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. கம்பித் தடிமன், ஷீத் (கம்பிகளை மூடியிருக்கும் பாதுகாப்புக் குழாய்) வகை, உலைக்குள் இருக்கும் காற்று எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிறது. நாள் கணக்கை விட ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமே நம்பத்தகுந்தது.

ஒப்பிடுவது எப்படி? உலை 860-இல் நின்று, அரை மணி நேரம் சீராகிய பிறகு, சான்றிதழ் உள்ள தனி தெர்மோகப்பிளை ஓடும் தெர்மோகப்பிளின் நுனிக்குப் பக்கத்தில், சில சென்டிமீட்டருக்குள் வரும்படி நுழைத்து, தனி மீட்டரில் படியுங்கள். ரூம் டெம்பரேச்சரில் இரண்டும் ஒரே அளவு காட்டுகிறது என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. கதவைத் திறந்து இன்ஃப்ரா ரெட் கன்னால் உள்ளே பார்ப்பதையும் இதற்கு நம்பாதீர்கள். கன்ட்ரோலரை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் பேனல் டெர்மினலில் மில்லிவோல்ட் பாருங்கள். கே டைப்புக்கு 860 டிகிரியில் அட்டவணை மதிப்பு 35.72 மில்லிவோல்ட். தெர்மோகப்பிள் தருவது நுனிக்கும் டெர்மினலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான், அதனால் டெர்மினல் இருக்கும் இடம் 40 டிகிரி என்றால் அதற்குரிய 1.61-ஐக் கழிக்க வேண்டும், மீட்டரில் 34.11 வர வேண்டும். கழிக்க மறந்துவிட்டு 'தெர்மோகப்பிள் 40 டிகிரி குறைவாகக் காட்டுகிறது' என்று நல்ல தெர்மோகப்பிளைத் தூக்கிப் போடுவது சர்வ சாதாரணம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: கிளாஸ் 2 கே டைப்புக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 0.75 சதவீதம், 860-இல் ஆறரை டிகிரி. அதற்குள் வரும் வித்தியாசத்துக்காக உலையைக் கலைக்க வேண்டாம்.

நுனி நிற்கும் இடமும் முக்கியம். ஷீத்தின் நுனி சுவர் இன்சுலேஷனுக்குள்ளேயே பதுங்கியிருந்தால் குறைவாகத்தான் காட்டும். உள்சுவரைத் தாண்டி ஷீத் விட்டத்தைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், 12 மில்லிமீட்டர் ஷீத்துக்கு ஏறக்குறைய 100 முதல் 120 மில்லிமீட்டர். கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் கதவு இடுக்கில் வரும் குளிர்ந்த காற்றைக் காட்டும், உள்பக்கம் கூடுதலாகக் கொதிக்கும். டிராலி இடித்து ஷீத் பின்னால் நகர்வதும் நடக்கும். வெளியே ஷீத்தில் கிளாம்ப் ஓரமாக ஒரு பெயின்ட் கோடு போட்டுவையுங்கள். கோடு நகர்ந்திருந்தால் ஷிஃப்ட் மாறும் ஆளுக்குத் தெரியும். இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

இரண்டாவது சம்பவத்துக்கு வருவோம். எஸ்.எஸ்.ஆர் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், ஓப்பன் ஆவது குறைவு. அதாவது கெட்டுப்போன எஸ்.எஸ்.ஆர் என்றால் அணைக்க முடியாத ஸ்விட்ச் என்று அர்த்தம். சிறிய பேனல்களில் செலவைக் குறைக்க மூன்று ஃபேஸில் இரண்டில் மட்டும் எஸ்.எஸ்.ஆர் போட்டு, மூன்றாவதை நேரடியாக எலிமென்ட்டுக்கு (ஹீட்டர் சுருளுக்கு) கொடுத்திருப்பார்கள். நியூட்ரல் இல்லாத ஸ்டார் இணைப்பில் (மூன்று எலிமென்ட்டின் ஒரு முனைகள் ஒன்றாகச் சேர்வது) இரண்டு எஸ்.எஸ்.ஆரும் நல்ல நிலையில் இருக்கும்வரை இது சரியாகவே நடக்கும். இரண்டில் ஒன்று ஷார்ட் ஆனால் அந்த ஃபேஸுக்கும் நேரடி ஃபேஸுக்கும் இடையே கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டால் சரியாகப் பாதி பவர், உங்கள் உலைக்கு 22.5 கிலோவாட். டெல்டா இணைப்பிலும் (மூன்றையும் முக்கோணமாகக் கோர்ப்பது) அதே பாதிதான் வருகிறது. நல்ல இன்சுலேஷன் உள்ள உலை 860-ஐத் தக்கவைக்க முழு பவரில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குதான் கேட்கும். பாதி பவர் இடைவிடாமல் உள்ளே போனால் 1150-க்கு ஏறுவதில் ஆச்சரியமில்லை. மூன்று ஃபேஸிலும் எஸ்.எஸ்.ஆர் இருந்து, நியூட்ரல் இல்லாத ஸ்டார் என்றால், ஒன்று ஷார்ட் ஆனாலும் திரும்பிப் போக வழியில்லாமல் கரண்ட் ஓடாது. மூன்றாவது எஸ்.எஸ்.ஆருக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

உங்களுடையது உண்மையில் எஸ்.எஸ்.ஆர் ஷார்ட்தானா, அல்லது கான்டாக்டர் முனை ஒட்டிக்கொண்டதா என்பதை எழுதியதை வைத்துத் தீர்மானிக்க முடியாது, ஒரு சோதனை தீர்மானிக்கும். மெயினை அணைத்து, லோடு வயரைக் கழற்றி, எஸ்.எஸ்.ஆரின் இரண்டு பவர் டெர்மினலுக்கு நடுவே ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். கரண்டை விட்டு வோல்ட் அளந்து பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: நல்ல எஸ்.எஸ்.ஆரிலும் அணைந்த நிலையில் கொஞ்சம் லீக்கேஜ் கரண்ட் உண்டு. லோடு இல்லாமல் டிஜிட்டல் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய முழு வோல்ட்டேஜும் காட்டும், நல்ல பொருளைக் கெட்டது என்று கழற்றுவீர்கள். 100 வாட் குண்டு பல்பை லோடாக மாட்டிப் பாருங்கள், பொய் சொல்லாது.

எஸ்.எஸ்.ஆர் ஏன் செத்தது என்று பார்க்காமல் புதுசு மாட்டினால் அதுவும் சாகும். உங்கள் உலைக்கு ஃபேஸுக்கு 15 கிலோவாட், 240 வோல்ட், ஆக 62.5 ஆம்பியர். எஸ்.எஸ்.ஆர் ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 75 வாட். இரண்டு மூன்று சேர்ந்து மூடிய பேனலுக்குள் ஒரு சின்ன ஹீட்டரே ஓடுவதுபோல. மே மாதத்தில் உலைக்குப் பக்கத்துப் பேனல், ஃபில்டரில் தூசி அடைத்த ஃபேன் என்றால் 80 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் எஸ்.எஸ்.ஆர் 80 ஆம்பியர் தாங்காது. 100 அல்லது 125 ஆம்பியர் எஸ்.எஸ்.ஆர், தகுந்த ஹீட் சிங்க், நடுவே தெர்மல் பேஸ்ட், ஹீட் சிங்க் மேல் 80 டிகிரியில் திறக்கும் ஒரு தெர்மோஸ்டாட், இவை தேவை. சாவுக்கு இன்னொரு காரணம் எலிமென்ட் ஷார்ட். தொங்கிய சுருள் பக்கத்துச் சுருளையோ உலை உடம்பையோ தொட்டால் பாயும் கரண்டில், சாதாரண எச்.ஆர்.சி ஃபியூஸ் உருகும் முன்பே எஸ்.எஸ்.ஆர் போய்விடும். அதைவிட வேகமாக உருகும் செமிகண்டக்டர் ஃபியூஸ்தான் போட வேண்டும். அது விலை கூடுதல் என்று சாதாரண ஃபியூஸ் மாட்டிய பேனலில் ஃபியூஸ் பிழைக்கும், எஸ்.எஸ்.ஆர் சாகும்.

எஸ்.எஸ்.ஆர் ஷார்ட் ஆனதை உடனே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு ஃபேஸிலும் ஒரு அம்மீட்டர் வையுங்கள். கன்ட்ரோலரின் அவுட்புட் விளக்கு அணைந்திருக்கும்போது அம்மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் எஸ்.எஸ்.ஆர் போய்விட்டது, உலை இன்னும் ஏறத் தொடங்காவிட்டாலும். சி.டி (கரண்டை அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இணைப்பு உள்ள கன்ட்ரோலர்கள் இதையே தானாகப் பார்த்து அலாரம் அடிக்கும். கன்ட்ரோலர் வாங்கியே தீருவேன் என்றால் இந்த வசதியைப் பார்த்து வாங்குங்கள்.

இனி முக்கியமான ஏற்பாடு: ஓவர் டெம்பரேச்சர் லிமிட். அடுப்பு, உலைகளுக்கான அமெரிக்கத் தரநிலை என்.எஃப்.பி.ஏ 86 இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. இயக்கும் கன்ட்ரோலரிலிருந்து தனித்து நிற்கும் லிமிட் கருவி, ஒருமுறை வெட்டினால் ஆள் வந்து கையால் ரீசெட் செய்தால்தான் திரும்ப ஓட வேண்டும். உங்கள் கன்ட்ரோலரிலேயே 'ஹை அலாரம்' ரிலே இருக்கிறதே என்பீர்கள். அது இதே தெர்மோகப்பிளைத்தான் படிக்கிறது. முதல் சம்பவத்தில் அது கடைசி வரை வாயைத் திறந்திருக்காது. தனித் தெர்மோகப்பிள், தனி ஷீத், தனித் துளை, தனி கேபிள், தனிக் கருவி என்று எல்லாமே தனியாக இருக்க வேண்டும். ஒரே ஷீத்துக்குள் இரண்டு ஜோடி வரும் டூப்ளெக்ஸ் தெர்மோகப்பிளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், ஷீத் வெளியே நழுவினால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும். லிமிட்டின் நுனி, உலையில் எங்கே அதிகம் சூடாகுமோ அங்கே, பொதுவாகக் கூரைக்குக் கீழே எலிமென்ட் பக்கமாக. வெட்டும் அளவு, நீங்கள் ஓட்டும் உச்ச செட் பாயின்ட்டுக்கு மேல் 30 முதல் 50 டிகிரி. உலையின் தாங்கு திறன் 1200 என்பதற்காக லிமிட்டை 1200-இல் வைத்தால் உலை பிழைக்கும், சரக்கு போய்விடும்.

அந்த லிமிட் எதை வெட்டுகிறது என்பதில்தான் பல பேனல்கள் கோட்டை விடுகின்றன. அது எஸ்.எஸ்.ஆருக்குப் போகும் சிக்னலை வெட்டினால் பயனில்லை. ஷார்ட் ஆன எஸ்.எஸ்.ஆருக்கு சிக்னல் தேவையே இல்லை. மூன்று ஃபேஸையும் வெட்டும் தனி கான்டாக்டர் எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால் இருக்க வேண்டும், உங்களுக்கு ஏ.சி-1 (ஹீட்டர் போன்ற லோடுக்கான ரேட்டிங்) கணக்கில் 95 ஆம்பியர் போதும். லிமிட் ரிலே நல்ல நிலையில் இழுத்துக்கொண்டிருந்து, அதன் கான்டாக்ட் வழியாகத்தான் இந்த கான்டாக்டர் காயிலுக்குக் கரண்ட் போக வேண்டும். வயர் அறுந்தாலும், லிமிட் கருவிக்கே கரண்ட் போய்விட்டாலும், அதன் தெர்மோகப்பிள் திறந்துகொண்டாலும் கான்டாக்டர் விழ வேண்டும். ஷன்ட் டிரிப் (கரண்ட் கொடுத்தால் பிரேக்கரை விழவைக்கும் காயில்) வைத்த பிரேக்கரில் இது தலைகீழ்: வெட்டுவதற்குக் கரண்ட் வேண்டும், வயர் அறுந்தால் வெட்டாது. ஹீட் சிங்க் தெர்மோஸ்டாட், கதவு ஸ்விட்ச், எமர்ஜென்சி பட்டன் எல்லாவற்றையும் இதே காயில் சர்க்யூட்டில் வரிசையாகக் கோர்த்துவிடுங்கள்.

கோர்த்ததோடு வேலை முடியாது. தினமும் இயங்காத கான்டாக்டர் தேவைப்படும் நாளில் விழாமல் நிற்கலாம். மாதம் ஒருமுறை, உலை சூடாக இருக்கும்போது, லிமிட் செட்டிங்கை அப்போதைய வெப்பநிலைக்குக் கீழே இறக்குங்கள். கான்டாக்டர் 'டக்'கென்று விழுந்து மூன்று அம்மீட்டரும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். திரும்ப ஏற்றியதும் தானாக ஓடக்கூடாது, ரீசெட் அமுக்கினால்தான் ஓட வேண்டும். சோதித்த தேதியையும், செட்டிங்கைப் பழைய அளவுக்கே கொண்டுவந்ததையும் பதிவேட்டில் எழுதுங்கள். சோதனைக்கு இறக்கிய செட்டிங்கை மறந்துபோய், அடுத்த நாள் 'லிமிட் தொல்லை' என்று ஒருவர் அதைக் குறுக்கே வயர் போட்டு பைபாஸ் செய்வது நடக்கிற கதைதான். அந்தச் சின்ன வயர் துண்டு பேனலுக்குள் இருக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

இரண்டு தெர்மோகப்பிள் வந்துவிட்டால் இன்னொரு லாபம் உண்டு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் உலை சீராக நிற்கும்போது இரண்டின் அளவையும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. கூரைப் பக்கம் 15 டிகிரி கூடுதல் என்றால் இருக்கட்டும். அந்த 15 ஒரு வாரத்தில் 30 ஆனால் ஒன்று நகர்ந்திருக்கிறது அல்லது களைத்துவிட்டது. இந்தப் பதிவேடு உங்களிடம் இருந்திருந்தால் முதல் சம்பவம் அதில் முன்கூட்டியே தெரிந்திருக்கும். வாகன உதிரிபாகம் செய்பவர் என்றால் சி.க்யூ.ஐ-9 (வாகனத் துறையின் ஹீட் ட்ரீட்மென்ட் மதிப்பீடு) ஆடிட்டில் இந்தச் சோதனைகளை எப்படியும் கேட்பார்கள்.

எலிமென்ட் பற்றியும் கொஞ்சம். காந்தல் ஏ-1 கம்பி 1400 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருப்பது கம்பியின் வெப்பநிலை, உலையின் வெப்பநிலை அல்ல. (தமிழில் காந்தல் என்றால் தீய்ந்து போனது என்று பொருள், ஸ்வீடன்காரர்களுக்குத் தெரிந்திருக்காது.) முழு பவரில் கம்பி உலையைவிட நூறு டிகிரிக்கு மேலும் கூடுதலாக இருக்கும், பள்ளத்துக்குள் மண்ணோ ஸ்கேலோ மூடியிருந்தால் இன்னும் கூடுதல். எவ்வளவு கூடுதல் என்பதைக் கம்பியின் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வாட் என்பது தீர்மானிக்கிறது. உங்கள் உலையில் 5 மில்லிமீட்டர் கம்பி என்றால் ஃபேஸுக்கு ஏறக்குறைய 50 மீட்டர் வேண்டும், அப்போது 1.9 வாட் வரும். ஒரு இடத்தில் அறுந்ததும் 5 மீட்டரை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டினால் என்ன ஆகும் பாருங்கள். ரெசிஸ்டன்ஸ் பத்து சதவீதம் குறைந்து பவர் 15-லிருந்து 16.7 கிலோவாட் ஆகிறது, அதைக் கொடுக்கும் பரப்பு பத்து சதவீதம் குறைகிறது. விளைவு 2.36 வாட், கிட்டத்தட்ட கால் பங்கு அதிகச் சுமை. இரவில் சப்ளை 415-லிருந்து 440-க்கு ஏறினால் அதன்மேல் இன்னும் 12 சதவீதம். 'ரிப்பேர் செய்த எலிமென்ட் மறுபடி மறுபடி அதே இடத்தில் போகிறது' என்பதன் பின்னணி பெரும்பாலும் இந்தக் கணக்குதான். இப்போது தொங்கிப்போன சுருள்களை மாற்றும்போது, மூன்று ஃபேஸின் ரெசிஸ்டன்ஸையும் குளிர்ந்த நிலையில் அளந்து, ஒவ்வொன்றும் 3.7 ஓமை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். சுருளின் அடுத்தடுத்த சுற்றுகளின் மையங்களுக்கு இடையே குறைந்தது கம்பி விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் இருக்க வேண்டும், 5 மில்லிமீட்டர் கம்பிக்கு 10 மில்லிமீட்டர்.

நான் சொன்னதெல்லாம் கம்பி எலிமென்ட் உள்ள மின் உலைக்கு. சிலிக்கான் கார்பைடு ராடு வயதாக ஆக ரெசிஸ்டன்ஸ் ஏறும், அங்கே பழையதோடு புதியதைக் கலந்து மாட்டுவதே தனித் தவறு. கேஸ் பர்னர் உலையில் சூட்டைவிடப் பெரிய ஆபத்து பற்றாத கேஸ் தேங்குவது. இண்டக்ஷன் உலையில் கூலிங் தண்ணீர்தான் உயிர், கரண்ட் போனாலும் ஓவர்ஹெட் டேங்க்கிலிருந்து காயிலுக்குத் தண்ணீர் ஓட வேண்டும். அவற்றுக்கு இந்தப் பதிலை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

கடைசியாக, லிமிட் ஒரு நாள் நிஜமாகவே வெட்டும்போது இரவு ஷிஃப்ட் ஆள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பேனல் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். மெயின் ஐசொலேட்டரை அணைக்க வேண்டும். சூடு குறைய வேண்டும் என்று கதவை விரியத் திறக்கக்கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் செங்கல் வெடிக்கும், கதவருகே நிற்பவருக்கும் ஆபத்து. மூடியே வைத்து ஆறவிட வேண்டும். காரணம் தெரியாமல் ரீசெட் அமுக்கக்கூடாது. எஸ்.எஸ்.ஆர் ஷார்ட் என்றால் ரீசெட் செய்த நொடியிலிருந்து மறுபடி ஏறத் தொடங்கும். ஆறிய பிறகு தொங்கும் சுருளைக் கையால் தூக்கிப் பள்ளத்தில் வைக்கவும் கூடாது. ஒருமுறை உயர் சூட்டில் ஓடிய காந்தல் கம்பி ஆறியதும் கண்ணாடிபோல் உடையும். வளைக்கத்தான் வேண்டும் என்றால், மெயின் லாக் செய்த நிலையில், டார்ச்சால் அந்த இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, சிவப்பு இருக்கும்போதே நிதானமாக வளைக்க வேண்டும்.